ஃ எங்கிருந்து வந்தது? கடை போர்டில் முதல் எழுத்தாகப் போடலாமா?

தூரிகை:

வணக்கம். திண்டுக்கல்லில் போர்டு எழுதுகிறேன். பிளெக்ஸ் வந்ததும் பாதிப் பேர் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். எனக்குக் கடை ஷட்டர், பள்ளிக்கூடச் சுவர், லாரியின் பின்பக்கம் என்று ஏதாவது வந்துகொண்டிருக்கிறது. இப்போது கையில் இருப்பது ஒரு கட்டில் மெத்தைக் கடை. ஷட்டருக்கு மேலே நீளமான தகரத்தில் கடைப் பெயர், அதற்குக் கீழே 'ஃபர்னிச்சர்' என்று வர வேண்டும்.

சாக்பீஸில் எழுத்தை வரைந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். மகன் ஃ இல்லாமல் ஆகாது என்கிறார். வெறும் 'பர்னிச்சர்' என்று போட்டால் படிக்காதவன் கடை என்று நினைப்பார்களாம். அப்பா, "அது ஆயுத எழுத்துப்பா, வாசலில் நுழையும்போதே ஆயுதமா?" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அந்தக் காலத்துக் கேடயத்தில் மூன்று குமிழ் இருக்கும், அதைப் பார்த்து வைத்த எழுத்து என்பது அவர் கட்சி. எனக்குப் பள்ளியிலும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த எழுத்து உண்மையில் எங்கிருந்து வந்தது? கேடயம் சரிதானா? பழைய காலத்தில் இதை எப்படி உச்சரித்தார்கள்? 'ஃப' என்று சேர்த்துப் போடுவது முறையா? அப்புறம் தொழில் சம்பந்தமாக ஒன்று: மூன்று புள்ளியையும் நிரப்ப வேண்டுமா, வளையமாக விட வேண்டுமா? எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வளையமாகத்தான் போடுவார். கம்ப்யூட்டர் எழுத்துகளில் இரண்டு விதமாகவும் பார்க்கிறேன்.

அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று மற்ற எழுத்துகளுக்கு முதல் கோட் அடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் எழுத்து மட்டும் சாக்பீஸில் நிற்கிறது.

கணக்கு டீச்சர்:

எங்கள் வகுப்பில் இதற்கு 'ஆகவே' என்று பொருள்! தமிழ்வழிப் பிள்ளைகள் கணக்கில் கடைசி வரிக்கு வரும்போது மூன்று புள்ளி வைத்துத்தான் விடை எழுதுவார்கள். அது வேறு குறி. 1659-இல் யோகான் ரான் என்ற சுவிஸ்காரர் தன் இயற்கணித நூலில் பயன்படுத்தியது. நம் ஃ-க்கும் அதற்கும் உருவம்தான் ஒன்று, உறவு கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு அதெல்லாம் யார் சொன்னது? பலகைக்கு வந்த ஒரு பையன் கணீரென்று "அக்கன்னா எக்ஸ் சமம் ஐந்து" என்று வாசித்தான். விடை சரி என்பதால் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

உங்கள் கேள்விக்குத் தமிழ் ஐயாக்கள் யாராவது வருவார்கள்.

பஃறுளி:

தமிழ் ஐயா வந்துவிட்டேன். பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும் இந்த மாதிரிக் கேள்வியைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை.

தம்பி, கேடயக் கதையை முதலில் முடித்துவிடுவோம். எழுத்தின் பெயர் ஆய்தம். ஆயுதம் வடமொழியிலிருந்து வந்த சொல். ஆய்தம் தொல்காப்பியத்திலேயே இருக்கிற பெயர். இரண்டும் காதில் ஒன்றுபோல விழப்போய், யாரோ போர்க்களத்திலிருந்து கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் உரியியல் என்று ஒரு பகுதி. அதில் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' என்ற நான்கு சொற்களுக்கும் 'உள்ளதன் நுணுக்கம்' என்று ஒரே பொருள். அதாவது, இருப்பது தேய்ந்து நுணுகிப் போவது. ஒலி நுணுகி வருவதால் ஆய்தம். இதற்கு அஃகேனம் என்று இன்னொரு பெயர் உண்டு; நீங்கள் எல்லாரும் சொல்லும் அக்கன்னாவின் பெரியப்பா அது. அஃகுதல் என்றாலும் சுருங்குதல், நுணுகுதல்தான். 'அஃகி அகன்ற அறிவென்னாம்' என்று வெஃகாமை அதிகாரத்தில் வருகிறதே, அங்கே அஃகி என்பதற்கு நுண்ணியதாகி என்று பொருள். தனிநிலை, புள்ளி, ஒற்று என்ற பெயர்களும் இதற்கு உண்டு. ஐந்து பெயரில் ஒன்றில்கூட வாளும் இல்லை, வேலும் இல்லை.

கடைக்காரப் பெரியவரிடம் இதையும் சொல்லுங்கள். ஆத்திசூடியில் ஃ-க்கு ஔவையார் வைத்த வரி 'அஃகஞ் சுருக்கேல்'. அஃகம் என்றால் தானியம். அளந்து விற்கும்போது குறைத்து அளக்காதே என்று வியாபாரிக்குச் சொன்ன வரி அது. கடை வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து உயிர் பன்னிரண்டிலும் மெய் பதினெட்டிலும் கிடையாது.

சரி, உருவத்துக்கு வருவோம். தொல்காப்பியம் எழுத்து முப்பது என்று சொல்லிவிட்டு, அவற்றைச் சார்ந்து வருபவை மூன்று என்கிறது: குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம். அங்கே 'ஆய்தம் என்ற முப்பாற் புள்ளியும்' என்று ஒரு தொடர் வரும். இதைப் படிப்பதில் இரண்டு கட்சி. மூன்று புள்ளி வடிவில் இருக்கிற ஆய்தம் என்பது ஒரு கட்சி. மேலே சொன்ன மூன்று வகைப் புள்ளி எழுத்துகளும் என்று மொத்தமாகப் படிப்பது இன்னொரு கட்சி. இரண்டாவது சரி என்றால், ஆய்தத்துக்கு மூன்று புள்ளி என்று தொல்காப்பியர் சொல்லவே இல்லை! 14ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய நச்சினார்க்கினியர் முதல் கட்சி. ஆய்தம் 'அடுப்புக்கூட்டுப் போல' மூன்று புள்ளி என்கிறார். மூன்று கல்லைக் கூட்டி வைத்து மேலே பானை ஏற்றுவோமே, அந்த அடுப்பு. ஆக, உரைகாரர் கண்ணுக்குத் தெரிந்தது சமையல்கட்டு. எனக்கு அவரை இந்த ஒரு வரிக்காகவே பிடிக்கும். அதோடு விடாமல், தன் காலத்தவர்கள் இதை 'நடுவு வாங்கியிட்டு' எழுதுகிறார்கள் என்றும் குறித்திருக்கிறார். நடுவில் வளைத்து இழுத்து எழுதினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஓலையில் எழுத்தாணியால் தனித்தனியாகக் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பது காரணமாக இருக்கலாம். உங்களுக்குத் தகரத்தில் அந்தக் கவலை இல்லை.

இனி 'ஃப'. விதி இதுதான்:

குறியதன் முன்னர் ஆய்தப் புள்ளி
உயிரொடு புணர்ந்தவல் லாறன் மிசைத்தே.

ஆய்தத்துக்கு முன்னால் ஒரு குறில் இருக்க வேண்டும், பின்னால் உயிரேறிய வல்லினம் இருக்க வேண்டும். எஃகு, அஃது, கஃசு, பஃறி எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. பஃறி என்றால் படகு. சொல்லும் சொல்லும் சேரும் இடத்திலும் ஆய்தம் பிறக்கும். அல் + திணை அஃறிணை ஆகும். பல் + துளி பஃறுளி ஆகும். புறநானூற்று ஒன்பதாம் பாட்டில் 'நன்னீர்ப் பஃறுளி மணலினும் பலவே' என்று பஃறுளி ஆற்று மணலை எண்ணி, முதுகுடுமி என்ற பாண்டிய மன்னனை வாழ்த்துகிறார்கள். பின்னால் கடல் அதைக் கொண்டுபோய்விட்டது என்கிறது சிலப்பதிகாரம். என் புனைபெயர் அங்கிருந்து எடுத்ததுதான்.

உங்கள் 'ஃபர்னிச்சர்' முதல் எழுத்திலேயே விதியை மீறுகிறது. சார்பெழுத்து என்று பெயர் வைத்துவிட்டுச் சாய்ந்துகொள்ள முன்னால் ஒன்றுமே இல்லாமல் நிற்க வைத்தால் எப்படி? ஆகவே (டீச்சர் மன்னிக்க) 'அறைகலன்' என்று எழுதுங்கள். நல்ல சொல், யாருக்கும் வாய் சுளுக்காது.

தூரிகை:

ஐயா, பெரிய நன்றி. ஆத்திசூடியைக் கேட்டதும் பெரியவர் முகம் கொஞ்சம் இளகியது. 'அறைகலன்' என்றதும் அப்பாவும் மகனும் முதல்முறையாக ஒரே கட்சிக்கு வந்துவிட்டார்கள்: "அப்படிப் போட்டால் பாத்திரக் கடை என்று நினைப்பார்கள்."

இன்னொரு சிக்கல். போர்டின் வலது ஓரத்தில் சாமான் பட்டியல் வர வேண்டும். அதில் சோபா இருக்கிறது. மேலே ஃ போட்டால் கீழே 'சோஃபா' என்றும் போட வேண்டுமே? அங்கே முன்னால் நிற்பது நெடில்.

உச்சரிப்பை மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

மொழியியல் படிக்கிறவள்:

உச்சரிப்புப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஐயா கோபித்துக்கொள்ளாவிட்டால்.

பள்ளியில் பெரும்பாலும் 'அக்து', 'எக்கு' என்றுதான் வாசிக்கிறோம். மக்கள் வாயிலும் அதுதான்: காஞ்சிபுரத்துத் திருவெஃகா பேச்சில் 'திருவெக்கா' ஆகிவிடும். நன்னூல் ஆய்தம் பிறக்கும் இடம் தலை, முயற்சி வாயைத் திறப்பது என்கிறது. உதடு, பல், அண்ணம் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கேயும் ஒட்டாமல், அடைபடாமல் வரும் மூச்சொலி என்றுதான் அதை நான் படிக்கிறேன். ஹ-வுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

வரலாறு இன்னும் சுவாரசியம். பத்து என்று சொல்கிறோம். பழைய தமிழில் பஃது என்றும் வரும்: ஒருபஃது, இருபஃது, முப்பஃது. இருபது முப்பதில் வெறும் 'பது'தான் மிச்சம். அது என்பதற்கு அஃது என்றும் ஒரு வடிவம் இருக்கிறது. இப்படிப்பட்ட இணைகளைப் பார்த்துப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி என்ற மொழியியலாளர், மூலத் திராவிட மொழியில் தொண்டையில் பிறக்கும் ஒரு மெய்யொலி இருந்தது, மற்ற மொழிகளில் அது மறைந்துபோய்த் தமிழில் மட்டும் ஆய்தமாகத் தடம் விட்டது என்று வாதிட்டார். 2003-இல் வந்த அவருடைய திராவிட மொழிகள் பற்றிய நூலில் இது விரிவாக இருக்கிறது. எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இது கேடயத்தைவிட நூறு மடங்கு பிடித்த கதை: நாம் 'தேவையில்லாத எழுத்து' என்று கிண்டல் செய்வது ஒருவேளை குடும்பத்திலேயே மூத்தது.

வடமொழியில் மூச்சொலியைக் குறிக்கும் விசர்க்கம் என்ற எழுத்திலிருந்து கடன் வாங்கியது என்ற கட்சியும் உண்டு. அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது எழுத்து இருக்கும் இடம். வடமொழி அரிச்சுவடியில் உயிர்கள் முடிந்ததும் விசர்க்கம், நம் அரிச்சுவடியில் ஔவன்னா முடிந்ததும் அக்கன்னா. இடம் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. விசர்க்கம் சொல்லின் கடைசியில் நிற்கும், பெரும்பாலும் இரண்டு புள்ளி. ஆய்தம் சொல்லின் நடுவில், வல்லினத்துக்கு முன்னால். சாய்ந்து நிற்கும் விதியே வேறு.

ஆனால் விசர்க்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது, அதனால்தான் 'ஃப' விஷயத்தில் ஐயாவிடமிருந்து விலகுகிறேன். வடமொழியில் க-வுக்கு முன்னால் வரும் விசர்க்கத்தை நாக்கின் அடியில் உரசி உச்சரிப்பார்கள். ப-வுக்கு முன்னால் வந்தால் இரண்டு உதட்டுக்கும் நடுவே ஊதுவார்கள். வாய் அடுத்த எழுத்துக்கு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. ப-வுக்கு முன்னால் மூச்சு விட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட எஃப் ஒலிதான் வரும். நவீனத் தமிழில் 'ஃப' என்று எழுத ஆரம்பித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நல்ல காது. இடம் பற்றிய விதி மீறப்படுகிறது, ஒலி பற்றிய நியாயம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் 'எஃப்' என்ற பெயரை எழுதும்போது குறிலும் சரியாக முன்னால் வந்து நிற்கிறது. ஐயாவின் விதியில் பாதி தேறிவிடும்.

பஃறுளி:

பாதி தேறினால் என் வகுப்பில் தேர்ச்சிதான் அம்மா. ஆனால் 'காப்பி' என்ற சொல்லைப் பாருங்கள். ஃ இல்லாமல், வல்லினம் இரட்டித்து, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது சிலர் 'காஃபி' என்று எழுதி அதை மறுபடியும் கப்பலேற்றப் பார்க்கிறார்கள். தம்பி, சோபாவை சோபாவாகவே விடுங்கள்.

காயல் வாசகி:

பர்னிச்சர் கடைக்குப் போர்டோடு போய்விடும். எங்கள் வீட்டில் இந்த எழுத்து பெயரிலேயே இருக்கிறது. என் பெயர் 'ஃ'-வோடு தொடங்குவதா, 'பா'-வோடு தொடங்குவதா என்று இதுவரை யாரும் முடிவு செய்யவில்லை. பள்ளிச் சான்றிதழில் பாத்திமா. பிறகு எடுத்த ஒரு அட்டையில் ஃபாத்திமா. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஓர் அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். அங்கே இருந்த எழுத்தர் என்னிடம், "இந்த மூணு புள்ளியை எடுத்துடுங்கம்மா, தொல்லை" என்றார். புள்ளி வைத்தது அவர்கள் ஆள்தான்.

எங்கள் உம்மா காலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. பாத்திமா என்று எழுதுவார்கள், வாயால் சொல்லும்போது அரபி ஒலியோடு சரியாகச் சொல்வார்கள். எழுத்து ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். யூசுபும் அப்படித்தான், லத்தீபும் அப்படித்தான்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் எஃப் ஒலிக்கு எழுத்து இல்லாதது போலவே அரபியில் ப-வுக்கு எழுத்து இல்லை. அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபி எழுத்தில் எழுதிய நம் பெரியவர்கள், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கிற எழுத்துகளில் கூடுதல் புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். மார்க்க நூல்களும் வைத்தியமும் பாட்டும் அந்த எழுத்தில் இருக்கின்றன. ஃப என்று நாம் இப்போது செய்வதும் அதே வேலைதானே? புள்ளியை இரவல் வாங்கி ஒலியைக் காப்பாற்றுவது. தூரிகை அண்ணே, என் ஓட்டு ஃ-க்கு. சான்றிதழில் வேண்டாம், போர்டில் இருக்கட்டும்.

எழுத்துரு வேலை:

புள்ளியா வளையமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எழுத்துரு வரைவது என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்.

இரண்டும் சரி. ஆனால் ஒரே போர்டில் கலக்கக் கூடாது. 'ஃபர்னிச்சர்' என்ற சொல்லில் ர், ச், ர் என்று மூன்று மெய்ப்புள்ளி இருக்கிறது. அவற்றை நிரப்பியிருந்தால் ஃ-வையும் நிரப்புங்கள், அவை வளையமாக இருந்தால் இதுவும் வளையம். அளவு மட்டும் வேறு: ஆய்தத்தின் புள்ளி மெய்ப்புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்த்தால் பெயிண்ட் சிந்தியது போல் தெரியும். மேல் புள்ளி ப-வின் உயரத்துக்கு, கீழ் இரண்டும் அடிக்கோட்டில். ப-வை ஒட்டி வையுங்கள். தள்ளி வைத்தால் அலங்காரப் புள்ளி என்று நினைத்துவிட்டு 'பர்னிச்சர்' என்றே வாசிப்பார்கள். வளையம் போடுவதானால் உள்ளே இருக்கும் வெள்ளை போதுமான அளவு இருக்கட்டும். ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது சின்ன வளையம் அடைந்துபோய்விடும்.

இந்த எழுத்துக்குக் கம்ப்யூட்டரில் நடந்த அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் இதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஆய்தம் இல்லை. 'தமிழ் விசர்க்கக் குறி' என்று வைத்துவிட்டார்கள். இந்திய எழுத்துகளுக்கெல்லாம் இஸ்கி என்ற பழைய தரத்தைப் பார்த்து ஒரே மாதிரி அட்டவணை போட்டார்கள். தேவநாகரியில் விசர்க்கம் இருக்கும் கட்டத்துக்கு நேராகத் தமிழில் எது இருக்கிறது என்று பார்த்து ஃ-வை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். யூனிகோடில் ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது கொள்கை, ஆகையால் பக்கத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்கிறார்கள். மேலே தங்கை சொன்ன விசர்க்கக் கட்சி அங்கே ஓட்டெடுப்பு இல்லாமலே ஜெயித்துவிட்டது. சில பழைய மென்பொருளில் ஃ-வில் தொடங்கும் சொல்லைத் தட்டினால் முன்னால் ஒரு புள்ளிவட்டம் வந்து நிற்கும், ஒட்டுவதற்கு எழுத்தைக் காணோம் என்று. பஃறுளி ஐயாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். மென்பொருளும் தொல்காப்பியம் படித்திருக்கிறது.

வெண்பா பழகுகிறேன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆய்தம் உயிரா மெய்யா? 12 + 18 + 216 + 1 என்று 247 கணக்குச் சொல்லும்போது அந்த ஒன்றாகத் தனியே நிற்கிறது. செய்யுளை அசை பிரித்து அலகிடும்போது என்ன செய்வது? ஒற்றுக்கு அலகு இல்லை என்று விட்டுவிடலாமா?

பஃறுளி:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் ஒற்றுப்போல விட்டுவிடலாம். 'தோன்றின் புகழொடு தோன்றுக அஃதிலார்' என்ற குறளில் தோன்றுக என்பது நேரும் நிரையும் சேர்ந்த கூவிளம். விளம் முன் நேர் வர வேண்டும். அஃதிலார் என்பதில் அஃ என்பதை, குறிலும் ஒற்றும் சேர்ந்த நேரசையாக எடுத்தால் தளை, அதாவது சீரும் சீரும் சேரும் கட்டு, சரியாக இருக்கிறது. 'அறன்எனப் பட்டதே இல்வாழ்க்கை அஃதும்' என்பதும் அப்படியே: இல்வாழ்க்கை காய்ச்சீர், காய் முன் நேர், அஃ நேர். சிக்கலே இல்லை.

இப்போது இதைப் பாருங்கள்:

அற்றால் அளவறிந் துண்க அஃதுடம்பு
பெற்றான் நெடிதுய்க்கும் ஆறு.

துண்க என்பது தேமா. மா முன் நிரை வந்தால்தான் வெண்டளை. ஆய்தத்தை ஒற்றாக எடுத்தால் அஃ நேர் ஆகிவிடும், தளை தட்டும். வள்ளுவர் தளை தட்ட எழுதுவாரா? ஆகவே இங்கே ஆய்தம் குறில் உயிர் போல ஓர் எழுத்தாக அலகு பெறுகிறது. அஃ என்பது இரண்டு குறில் சேர்ந்த நிரை. அஃ துடம் பு, கருவிளங்காய். அடுத்து பெற்றான் நேரில் தொடங்குகிறது, காய் முன் நேர், எல்லாம் பொருந்திவிட்டது. 'அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன்' என்பதிலும் இதே வித்தை.

ஒரே நூலில், ஒரே 'அஃது' என்ற சொல்லில், ஓரிடத்தில் மெய்யாகவும் ஓரிடத்தில் உயிராகவும் நடக்கிறது. மாணவர்கள் இதைச் சலுகை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மூச்சொலியைக் கொஞ்சம் நீட்டினால் ஓர் அசைக்கு வேண்டிய நேரம் கிடைக்கும், சுருக்கினால் கிடைக்காது. கல் + தீது கஃறீது என்று ஆகும்போது அது அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறுகிவிடுகிறது, பெயரே ஆய்தக்குறுக்கம். மறுபக்கம், 'சுஃஃறென்னும்' என்று இரண்டு ஆய்தம் போட்டு நீட்டி எழுதியதும் உண்டு. காற்றில் பனையோலை உரசும் சத்தம். வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். ஓலை உரசாவிட்டால் உங்கள் உச்சரிப்பு தவறு.

நீங்கள் வெண்பா எழுதும்போது மட்டும் ஒற்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் செய்தார் என்று நீங்கள் செய்தால் யாப்புக் குழுவில் பிழை என்றுதான் சொல்வார்கள், நான் உட்பட.

தூரிகை:

எல்லாருக்கும் நன்றி. முடிவாகிவிட்டது. ஃ வருகிறது, வளையமாக, ப-வை ஒட்டி. பட்டியலில் சோபா சோபாவாகவே இருக்கிறது. ஒரே போர்டில் இரண்டு கொள்கையா என்று மகன் கேட்டார், அந்த ஓரத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். பெரியவர் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் 'அஃகஞ் சுருக்கேல்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். மெத்தைக்கு அளவுதானே ஐயா முக்கியம், பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குத் தனிக் கூலி பேசியாயிற்று.

பஃறுளி ஐயாவிடம் ஒரு சந்தேகம். அடுத்த வேலை ஓர் அரசுப் பள்ளிச் சுவர். உழவு அதிகாரம் முழுவதும் எழுத வேண்டும். அவர்கள் கொடுத்த தாளில் ஒரு குறளில் 'கஃசா' என்று இருக்கிறது. அச்சுப் பிழையா, அப்படியே எழுதலாமா?

பஃறுளி:

அப்படியே எழுதுங்கள், பிழை இல்லை.

தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும்
வேண்டாது சாலப் படும்.

தொடி ஒரு பலம், கஃசு கால் பலம். ஒரு பலம் மண் கால் பலமாகக் காயும்படி உழுது போட்டால் ஒரு பிடி எருக்கூட வேண்டாம், விளையும் என்கிறார். நான் மேலே விதிக்குக் காட்டிய கஃசு இதுதான். ஆய்தத்தைவிட 'உணக்கின்' என்பதில்தான் கவனம் வேண்டும், மூன்று சுழி ண. பல சுவர்களில் 'உனக்கின்' என்று பார்த்து நொந்திருக்கிறேன். ஏணியில் ஏறுவதற்கு முன் தாளை ஒருமுறை படம் எடுத்து இங்கே போடுங்கள், பத்துக் குறளையும் பார்த்துத் தருகிறேன்.